‘ம்’ என்னும் அரைமாத்திரைச் சொல்: கீழ்பென்னாத்தூர் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

போலந்துக்காரர் ‘நோ’ என்று தலையாட்டினால் ‘ஆமாம்ப்பா’ என்று பொருள். செக் மொழிப் பேச்சுவழக்கிலும் ஏறத்தாழ அப்படியே. அதே ‘நோ’ ரஷ்யருக்கு ‘ஆனால்’. ஸ்லாவியப் பங்காளிகளுக்குள்ளேயே ஓரெழுத்தை வைத்து இத்தனை குழப்பம். திராவிடக் குடும்பத்தில் இதற்கு ஈடுகொடுக்கும் சொல் ஒன்று உண்டு. வாயைத் திறக்காமலே சொல்லப்படுவதால் ஆய்வாளர் காதில் அது சரியாக விழவில்லை. அதுவே ‘ம்’.

ஆய்வுக்களம் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில் உள்ள வட்டத் தலைநகர் இது. பஸ்ஸுக்கும் மனுவுக்கும் மல்லாட்டை விலைக்கும் காத்திருப்போர் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். காத்திருப்பவன் வாயில்தான் ‘ம்’ கனிகிறது.

இக்கட்டுரை நிறுவ முயல்வது ஒன்றே: ‘ம்’ என்பது பெரும்பாலும் சம்மதம் அன்று, வெறும் ரசீது. ‘நீ சொன்னது வந்து சேர்ந்தது’ என்பதற்கு மேல் அதில் ஒரு பொறுப்பும் இல்லை. ரசீதைப் பத்திரம் என்று நம்பியவர்களே ஊரில் மனத்தாங்கலோடு திரிகிறார்கள்.

2. இலக்கணிகள் செய்த ஓரவஞ்சனை

நன்னூலில் பவணந்தியார் ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று கணக்கு முடித்தார். நாற்பது நெடில்; ‘நொ’, ‘து’ என்று இரண்டு குறில். ‘நொ’ என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அதற்கு இடம் உண்டு. நாள் முழுக்கப் புழங்கும் ‘ம்’முக்கு இல்லை. மெய்யெழுத்து தனியே நின்று சொல்லாகாது என்பது விதி. விதியைக் கீழ்பென்னாத்தூர்ப் பெரியவர் ஒருவரிடம் விளக்கியபோது அவர் சொன்ன விடை: “ம்.”

அளவிலும் கஞ்சத்தனம். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை. மகரம் குறுகினால் காலே போதும். ‘வரும் வண்டி’ என்னும்போது வகரத்துக்கு முன் உள்ள ‘ம்’ கால் மாத்திரையாகி விடுகிறது. ஆனால் வராத வண்டியைப் பற்றி நிழற்குடையில் இழுக்கப்படும் ‘ம்ம்ம்’மை எந்த மாத்திரையில் அடைப்பது?

3. தோற்றம்

முதலாவது, வெற்றிலைக் கோட்பாடு. உதடு மூடியிருக்க, மூச்சு மூக்கு வழியே போவதால் பிறப்பது மகரம். வாய் நிறைய வெற்றிலைச் சாறு இருக்கும்போது துப்பாமல் சொல்லக்கூடிய சொல் இது ஒன்றே. துப்ப எழுந்தால் திண்ணையில் இடம் போய்விடும். ஆகவே ‘ம்’.

இரண்டாவது, உம்மைக் கோட்பாடு. ‘அவனும் இவனும்’ என்பதிலுள்ள ‘உம்’ உயிர் நீங்கி ‘ம்’ ஆயிற்று என்பது. கதை கேட்கும் பிள்ளை ‘ம்’ கொட்டுவது ‘அப்புறமும் உண்டா?’ என்று கேட்பதுதானே. உம்முக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் கூறும். எட்டும் இவ்வூரில் உயிரோடு இருப்பதே இக்கோட்பாட்டுக்குச் சான்று.

4. எண்வகை ‘ம்’

எண்: நெல் மூட்டை இறங்க இறங்க, மூட்டைக்கு ஒன்றாகச் சொல்லப்படுவது.

எச்சம்: போனில், “அப்புறம் இன்னா சொன்னான் தெரியுமா?” என்றதற்கு. கதை மிச்சம் இருக்கிறது.

ஐயம்: ஈற்றில் உயர்வது. “ம்?” காது கேட்டும் கேட்காதவர்க்கு உரியது.

எதிர்மறை: ‘ம்ஹூம்’. இதன் கொழுந்தியாள் ‘ம்க்கும்’. மாமியார் வீட்டுப் பெருமையைக் கேட்கும்போது தானே வரும்.

சிறப்பு: இரவு தாமதமாக வந்த மகனுக்கு அப்பா சொல்வது. பின்னால் வேறு சொல் வராததே இதன் சிறப்பு.

முற்று: “ம், வச்சிடறேன்.”

தெரிநிலை: “ம்ம்... சேதி அப்படிப் போவுதா?”

ஆக்கம்: மாட்டுத் தரகில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும்போது எழுவது. மாடு கைமாறுவது இந்த ஒன்றினால் மட்டுமே. மற்ற ஏழினாலும் ஒரு கயிறுகூட அவிழாது. இதை மறந்து, ‘தங்கச்சி பங்கைக் கொடுத்துடலாமா?’ என்றதற்கு அண்ணன் சொன்ன எச்ச ‘ம்’மை ஆக்க ‘ம்’மாக எடுத்துக்கொண்டு பத்திரம் எழுதப் போவோர் உண்டு.

5. ஒப்பீடு

தெலுங்கர் ‘ஊ’ கொட்டுவர். கன்னடர் ‘ஹூம்’ குட்டுவர். மலையாளிகள் கொட்டாமல் குட்டாமல் மூளுவர். இணங்குவதற்கு முன் எதையாவது தட்டிப் பார்க்கும் பழக்கம் மலைக்குக் கிழக்கே வலுத்தது என்று துணியலாம்.

மேலை நாட்டார் இத்துறையில் முந்திக்கொண்டனர். ‘ஹா?’ என்று திருப்பிக் கேட்பது உலகப் பொதுச்சொல்லா என மார்க் டிங்கமான்சவும் இரு தோழரும் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். 2015இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. அது கேட்காதவனின் சொல். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவனின் சொல்லுக்கு இன்னும் பரிசு வரவில்லை.

சட்டமன்றத்திலும் இதற்கு இடமில்லை. குரல் வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்போரும் ‘இல்லை’ என்போரும் மட்டுமே அழைக்கப்படுகிறார்கள். கீழ்பென்னாத்தூர் உறுப்பினர் கு. பிச்சாண்டி 2021இல் பேரவைத் துணைத் தலைவரானார். தொகுதியின் தாய்ச்சொல்லை அவையேற்ற அதைவிட நல்ல வாய்ப்பு வாய்த்திருக்காது.

6. முடிவு

‘ம்’முக்கு 43ஆம் இடம் கேட்பது முறையன்று. முழு இடம் பெற்றுவிட்டால் முழுப் பொருளும் சொல்ல வேண்டிவரும். பிறகு அதை யார் சொல்வார்கள்? அரை மாத்திரைக்கு அரை இடம் போதும். ஆகவே தமிழில் ஓரெழுத்து ஒருமொழிகள் 42½ எனத் திருத்திக்கொள்ளுமாறு புலவர் பெருமக்களை வேண்டுகிறோம். அவர்கள் தரும் மறுமொழி எட்டில் எந்த வகை என்பதையும் அருள்கூர்ந்து குறிப்பிட வேண்டும்.