பன்னிரண்டாம் படம்: ஒன் ட்வென்டி ரோல் கேமராவின் இயக்கம் குறித்து மண்ணூர்பேட்டையில் நிகழ்த்திய ஆய்வு

ஆய்வின் தேவை

புகைப்படம் பற்றி எழுதுகிறவர்கள் முதல் படத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முதன்முதலில் கேமராவைத் தொட்டது, யாரை நிற்கவைத்தது, அது ஆடிப்போய் வந்தது என்று பக்கம் பக்கமாக உண்டு. ரோலின் கடைசிப் படத்துக்குத்தான் நாதியில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் எளிய முயற்சியாக இவ்வாய்வு அமைகிறது. (இடைவெளியை நிரப்புவதாகச் சொல்லாத ஆய்வேட்டுக்கு நம் நாட்டில் பட்டம் கிடைப்பதில்லை.)

ஒன் ட்வென்டி ரோலில் சதுரமாக எடுத்தால் பன்னிரண்டு படம் வரும். பதினொன்று யாருக்காகவாவது எடுக்கப்படுகிறது. பன்னிரண்டாவது, ரோலை முடிப்பதற்காக எடுக்கப்படுகிறது. ரோல் முடிந்தால்தான் கழுவக் கொடுக்கலாம். கழுவினால்தான் முன்னே எடுத்த பதினொன்றையும் பார்க்கலாம். ஆக, பன்னிரண்டாவது யாரும் கேட்காத படம். யாரும் கேட்காததாலேயே அதில்தான் ஊர் உள்ளபடி விழுகிறது என்பது ஆய்வாளரின் கருதுகோள். கருதுகோளை முதலில் வகுத்துக்கொண்டு அதற்கு இணங்கும் தரவுகளைப் பிறகு தேடுவது முறையான ஆய்வுகளின் வழக்கம். அந்த மரபு இங்கும் மீறப்படவில்லை.

ஆய்வுப் பரப்பு

கிழக்கே பாடி, மேற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஊடே எம்.டி.எச். ரோடு. 2011 முதல் மாநகராட்சிக்குள் இருந்தாலும் மண்ணூர்பேட்டைக்காரர்கள் தியாகராய நகருக்குக் கிளம்பும்போது இன்னமும் "மெட்ராஸ் போய்ட்டு வரேன்" என்றே சொல்கிறார்கள். 1960-களில் தொழிற்பேட்டை எழுந்தபின் டர்னர், பிட்டர், மில்லிங் வேலைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வந்து இங்கே அறை எடுத்துத் தங்கினார்கள். வேலை கிடைத்த பிள்ளை ஊருக்கு முதலில் மணியார்டர் அனுப்புவான், அடுத்தது போட்டோ. இவ்வூரில் கேமராவுக்கு வேலை வந்தது அப்படித்தான்.

கருவி

1901-ல் கோடாக் நிறுவனம் தன் பிரவுனி கேமரா ஒன்றுக்காக இந்த ரோலை வெளியிட்டது. அந்தக் கேமரா கண்காட்சிப் பொருளாகிவிட்டது. ரோல் இன்றும் விற்கிறது. ஏறத்தாழ 6 செ.மீ. அகலத்தில் பிலிம், அதன் முதுகில் அதைவிட நீளமான தாள், இரண்டும் ஒரே சுருளில். படத்தின் ஒவ்வொரு கட்டமும் 56 மி.மீ. சதுரம். 35 மி.மீ. பிலிமின் கட்டத்தைவிட மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு. ஸ்டுடியோக்காரர் கூர்பென்சிலால் நெகட்டிவில் டச்சிங் செய்ய இடம் கிடைத்தது இதில்தான். பல மாப்பிள்ளைகளின் அம்மைத் தழும்பு இந்தப் பரப்பில் மறைந்திருக்கிறது.

ஜெர்மனியின் ரோலைபிளெக்ஸ் 1929-ல் இரண்டு லென்ஸை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வழிகாட்டியது. ஜப்பானின் யாஷிகா அதே உருவத்தைக் குறைந்த விலைக்குத் தந்து நம்மூர் ஸ்டுடியோக்களைப் பிடித்தது. வீடுகளைப் பிடித்தது பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் த்ரீ. ரோலுக்கு ஊட்டி. 1960-ல் அங்கே நிறுவப்பட்ட மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிம் விற்றது. தொழிற்சாலை நின்றுபோனது, இந்து நகர் என்ற பெயர் மட்டும் மலையில் நிற்கிறது.

1969-ல் நிலவில் இறங்கிய ஹாசல்பிளாடும் இதே குடும்பம்தான். ஆனால் அதில் போட்டது 70 மி.மீ. பிலிம், ஒரு மேகசினில் 160 வண்ணப் படங்கள் வரை எடுக்கலாம். கேமராவை அங்கேயே போட்டுவிட்டு மேகசினை மட்டும் எடுத்துவந்தார்கள். ரோலை முடிக்க எதையாவது எடுத்துத் தொலைக்கும் நெருக்கடி அங்கே எழாததால் நிலவு இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

ரோல் போடும் முறை

களஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேமரா யாஷிகா மேட் 124ஜி. இடம், ஒரு லேத் பட்டறையின் வாசல். வெயிலில் ரோல் போடக் கூடாது என்பதால் நிழல் தேடிப் போனதில் அமைந்தது.

அடியில் உள்ள திருகியைத் திருப்பினால் பின்மூடி மேலே தூக்கிக்கொள்ளும். கீழறையில் காலி ஸ்பூல் ஒன்று கிடக்கும். போன ரோலின் மிச்சம் அது. அதை எடுத்து மேலறையில் மாட்ட வேண்டும். புது ரோல் கீழறைக்கு. சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைக் கிழித்து, தாளின் நுனியை மேலே இழுத்து, காலி ஸ்பூலின் வெடிப்பில் நுழைத்து, கிராங்கை மெல்லச் சுற்ற வேண்டும். தாளில் அச்சடித்த அம்புக்குறி, கேமராவின் உள்ளே இருக்கும் குறிக்கு நேரே வந்ததும் நிறுத்தி மூடியைச் சாத்த வேண்டும். பிறகு கிராங்க் தானாக நிற்கும்வரை சுற்றினால் எண் 1. பின்னோக்கிச் சுற்றினால் ஷட்டர் ஏறிக்கொள்ளும்.

காலி ஸ்பூல் இல்லையென்றால் இத்தனையும் வீண். குழந்தை அழுகிறதென்று ஸ்பூலை விளையாடக் கொடுத்துவிட்டு அடுத்த ரோலை வாங்கி வந்து விழித்த குடும்பங்கள் உண்டு. லட்ச ரூபாய் கேமராவானாலும் இந்தச் சின்னக் குழலிடம் கைகட்டி நிற்க வேண்டும்.

இத்தனையையும் பட்டறை டர்னர் லேத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எண்ணெய்த் துணி.

"இன்னா சார், ரெண்டு கண்ணு?"

"மேலது பாக்குறதுக்கு, கீழது எடுக்குறதுக்கு."

"அப்போ நடுவுல இருக்குற கேப்பை யாரு பாக்குறது?"

கிட்டத்தில் எடுக்கும்போது தலை வெட்டுப்படுவதற்குக் காரணமான, பாரலாக்ஸ் எனப்படும் குறையை நூல்கள் வரைபடம் போட்டு விளக்குகின்றன. தகவலாளர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். அடுத்து கிராங்கைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டார். முன்னே பின்னே அசைத்தார். "கியர்ல பேக்லாஷ் இருக்கு சார். கழட்டிக் குடுங்க, ஒரு வாஷர் போட்டுத் தரேன்." இவ்வுதவி நன்றியுடன் மறுக்கப்பட்டது. மண்ணூர்பேட்டையில் எந்த இயந்திரத்தையும் ஒருவர் கையில் கொடுத்தால் அது பிரிக்கப்படாமல் திரும்புவது அரிது என்பது தனி ஆய்வுக்குரியது.

இடவலச் சிக்கல்

இந்தக் கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து, குனிந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். உருவம் நிமிர்ந்து தெரியும். ஆனால் இடம் வலமாகியிருக்கும். இதனால் குழப்பம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. எதிரே நிற்பவரின் இடதுபுறம் கண்ணாடியிலும் இடதுபுறமாகவே தெரிவதால், "கொஞ்சம் லெப்ட்ல வாங்கண்ணே" என்று நம் இடதைச் சொன்னாலே அவர் சரியாக நகர்வார். நேரே பார்க்கும் மற்ற கேமராக்களில், "உங்க லெப்டு இல்லண்ணே, என் லெப்டு" என்று ஒரு தகராறு உண்டே, அது இதில் கிடையாது. கல்யாண வீடுகளில் இந்த வகைக் கேமரா நெடுங்காலம் நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர் துணிகிறார்.

ஆள் நின்றால் சரி, நகர்ந்தால்தான் வம்பு. எம்.டி.எச். ரோட்டின் தென்புறம் நின்று பார்த்தால் பாடியிலிருந்து ஆவடிக்குப் போகும் பஸ், கண்ணாடியில் ஆவடியிலிருந்து பாடிக்குப் போகும். பஸ்ஸை விடாமல் பிடிக்க நாம் கேமராவைத் திருப்பத் திருப்ப, அது அதைவிட வேகமாகச் சட்டத்தைவிட்டு ஓடும். களஆய்வில் கிடைத்த பஸ் படங்கள் அனைத்திலும் ரோடு மட்டுமே உள்ளது.

ஒளி

125 ஏ.எஸ்.ஏ. பிலிம், நல்ல வெயில்: ஷட்டர் 1/125, அபர்ச்சர் எஃப் 16. கேமராவின் லைட் மீட்டருக்கான பாதரச பேட்டரி இப்போது தயாராவதில்லை. அதனால் முதலில் சொன்ன அந்த ஒரு வரியே போதும். சித்திரை வெயிலில் நடுப்பகலில் எடுத்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழி வரும். காலை எட்டு மணிக்குள் அல்லது சாயங்காலம் நாலரைக்கு மேல் என்பது சென்னைக்குச் சரி. கிளிக் த்ரீயில் இந்தத் தொல்லையே இல்லை, ஏனென்றால் மாற்றிப் பார்க்க அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஷட்டரையும் சுற்றியையும் இணைக்கும் பூட்டுகூட கிடையாது. சுற்ற மறந்தால் ஒரே கட்டத்தில் இரண்டு படம் விழும். கல்யாணப் பெண்ணின் தோளில் சைக்கிள் முளைத்திருப்பது அவ்வாறே.

பன்னிரண்டாம் படத்தின் வகைகள்

வீட்டுக் கேமராவில் ரோல் பொங்கலுக்குப் போடப்படும். காணும் பொங்கலுக்குள் ஐந்து தீரும். பாடி திருவலிதாயம் கோயிலில் ஒரு கல்யாணம், அதில் நாலு. பிறந்தநாள் ஒன்றில் இரண்டு. மிச்சம் ஒன்று. ஆடி பிறக்கும், வீட்டில் விசேஷம் எதுவும் கிடையாது. கல்யாணப் படம் எங்கே என்று சம்பந்தி வீட்டார் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர், "எதையாச்சும் எடுத்து முடிடா" என்று சொல்வார். அந்த 'எதையாச்சும்' என்பதே இவ்வாய்வின் தரவு.

தாவர வகையில் செம்பருத்தி முதலிடம் பெறுகிறது. வாகன வகையில் சைக்கிள், பின்னர் டி.வி.எஸ். 50. விலங்கு வகையில் நாய் பெரும்பாலும் வாலோடு மட்டும் கிடைக்கிறது. மானிட வகைதான் முக்கியம். போட்டோ என்றாலே உள்ளே ஓடிவிடும் ஆயா, வாசலில் முறத்தை வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது அகப்பட்டது இதில்தான். முந்தைய பதினொன்றில் எல்லோரும் புதுச்சட்டையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் திரை, அல்லது வெள்ளையடித்த சுவர். அதை வைத்து அந்த வீடு அம்பத்தூரிலா அருப்புக்கோட்டையிலா என்று சொல்ல முடியாது.

தகவலாளர் ஒருவரின் ஆல்பத்தில் இருந்த பன்னிரண்டாம் படத்தில் ஒரு கைப்பம்பு, அதன் கழுத்தில் கட்டிய துணி, மின்கம்பம், பின்னால் வீட்டு வாசல். வாசலுக்கு ஏறிப்போக மூன்று படி. தெருவுக்கு ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இன்று அதே வாசலுக்கு இறங்கிப்போக ஒரு படி. மழைக்காலத்தில் தண்ணீர் ஏன் வீட்டுக்குள் வருகிறது என்று கேட்டு மனு எழுதுபவர்கள், மனுவோடு இந்தப் படத்தையும் இணைக்கலாம். அதை எடுத்தவருக்கு அப்படியொரு உத்தேசம் இல்லை. ரோல் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

மாற்றுக் கருத்து

ஸ்டுடியோவில் பன்னிரண்டாம் படம் என்ற ஒன்றே கிடையாது என்று பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவர் மறுத்தார். ஒரே ரோலில் ஏழெட்டுப் பேருக்குப் பாஸ்போர்ட் படம் எடுப்பார்களாம்; ரோல் தீராவிட்டால் "நாளைக்கு வாங்க சார், இன்னும் கழுவல" என்று அனுப்பிவிடுவார்களாம். சரி, வேலை நேர்காணல் நாளைக்கு என்று ஒருவர் அவசரப்படுத்தினால்? கொஞ்சம் யோசித்தார். "நம்ம பையன நிக்கவெச்சு மிச்சத்த அடிச்சிருவோம்." ஆக அங்கேயும் உண்டு. டீ வாங்கிவந்து, திரையை இழுத்துக் கட்டி, ஸ்டூலைத் துடைத்த அந்த உதவியாளர் பையன், அரைக்கால் சட்டையில் தொடங்கி மீசை முளைத்தது வரை அந்த ஸ்டுடியோவின் ரோல்களின் கடைசிக் கட்டங்களில் வளர்ந்திருக்கிறான். அவன் படத்தை யாரும் பிரிண்ட் போட்டதில்லை.

பன்னிரண்டாம் படங்களுக்குப் பொதுவாக நேர்ந்த கதி இதுதான். கான்டாக்ட் பிரிண்ட் வாங்கப் போன அப்பா, "செம்பருத்திக்கு எதுக்குய்யா காசு?" என்று அதை மட்டும் விட்டுவிட்டு வந்தார். எனவே இவை ஆல்பத்தில் இருக்காது. பழுப்புக் கவரில், நெகட்டிவாக, பீரோவின் அடித்தட்டில் இருக்கும். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அந்தக் கவர்தான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கவரைத் தூக்கி எறியாதீர்கள். பரணில் கிளிக் த்ரீ கிடந்தால் பின்மூடியைத் திறக்காதீர்கள். பின்பக்கச் சிவப்பு ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். எண் தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. வெயிலில் நின்று பார்க்காதீர்கள். சிவப்பொளியை உணராத பழங்காலப் பிலிமுக்காக வந்த ஜன்னல் அது, பின்னாளைய பிலிமுக்குள் அவ்வழியே வெளிச்சம் கசியும். தாள் ஓடித் தீரும்வரை சுற்றி, நிழலில் திறந்து, சுருள் தளராமல் பிடித்து, நுனிப்பட்டையை நாக்கால் தொட்டு ஒட்டி, கருப்பு வெள்ளைப் பிலிம் கழுவும் லேபில் கொடுங்கள். பல ஆண்டு கழித்தும் உருவம் மங்கலாகவேனும் எழக்கூடும். ஜன்னலில் நிற்கும் எண் 12 என்றால், சுற்றுவதற்கு முன் வாசலுக்கு வந்து எதையாச்சும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.