பொற்கிழி தரும் புத்தகங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தொடங்கிய அதே 1984-இல்தான், பிறரை இணங்க வைக்கும் வித்தை பற்றி ராபர்ட் சியால்டினி எழுதிய ‘இன்ஃப்ளுயன்ஸ்’ வெளிவந்தது. டேல் கார்னகியோ இதே வித்தையைப் புத்தகமாக்கி 1936-லேயே கடை விரித்துவிட்டார். இன்று கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைக்கு, செய்த புராஜெக்டைவிட அதைப் பற்றிச் சொல்லும் கதைதான் முக்கியம் என்று உபதேசிக்கிறார்கள். இந்த வட்டாரத்துக்கு அது புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த பெரியாழ்வார், மதுரையில் பாண்டியன் சபையில் பேசி வென்றபோது பொற்கிழி தானாகவே வளைந்து கொடுத்தது என்கிறது வைணவ மரபு. எச்.ஆர். அதிகாரிகள் அவ்வளவு சுலபமாக வளைவதில்லை.

பெரியாழ்வாருக்குப் பெருமாள் துணை இருந்தார், நமக்குப் புத்தகமாவது வேண்டாமா என்பீர்கள். நியாயம்தான், சரக்கு இருந்தாலும் சொல்லத் தெரியாதவன் பின்தங்கத்தான் செய்கிறான். ஆனால் முதலில் சரக்கு வேண்டுமே! 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சுவதுதான் வேலை. கதை சொன்னால் பால் சுண்டாது. கார்னகியைத் தாராளமாகப் படியுங்கள், தம்பிகளே. அரியர் பேப்பரை முடித்துவிட்டு.