ஒரு பின்னும் ஒரு டன் கொழுந்தும்

வட்டகொடையில் எதுவும் தனியாகப் போவதில்லை. கொழுந்து ட்ரக்டருக்குப் பின்னால் பெட்டி போகும். பதுளை எஞ்சினுக்குப் பின்னால் ரயில் பெட்டிகள் போகும். பழுதாகி நின்ற வேனுக்கு முன்னால் யாருடைய லொறியாவது போகும். தலவாக்கலை – பூண்டுலோயா ரோட்டில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், மலைநாட்டுப் போக்குவரத்து இழுப்பவர் கட்சி, இழுபடுபவர் கட்சி என்று இரண்டாகப் பிரிந்திருப்பது தெரியும். இரண்டு கட்சிக்கும் நடுவில் கிடக்கும் இரும்பைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்கள் அதை மட்டும்தான் பார்க்கிறார்கள். அங்கே மோட்டர்ஹோம் என்று ஒரு வண்டி உண்டு. பஸ் அளவு, உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கும். அதை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், மரத்தடியில் நிறுத்தி, கதிரை போட்டு உட்கார்ந்த பிறகுதான் பாண் வாங்க மறந்தது நினைவுக்கு வரும். ஒரு றாத்தல் பாணுக்காக வீட்டையே கிளப்பிக்கொண்டு கடைக்குப் போக முடியாது. ஆகவே புறப்படும்போதே பின்னால் ஒரு காரையும் பூட்டிக்கொள்கிறார்கள். காரின் நாலு சக்கரமும் ரோட்டில் உருளும். உள்ளே ஒரு குஞ்சு குருவி கிடையாது.

இரண்டையும் சேர்ப்பதுதான் டோ பார். ஆங்கில ஏ எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். கூர்ப்பக்கம் மோட்டர்ஹோமின் பின்னால் இருக்கும் இரண்டு அங்குலச் சதுரக் குழாய்க்குள் போகும்; இரண்டு கால்களும் காரின் முன்பக்கத்தில் பூட்டப்படும். ரோட்மாஸ்டர், புளூ ஒக்ஸ் என்ற கம்பனிகள் இதைச் செய்தே பெயர் வாங்கியவை. நல்ல பார் ஒன்றுக்கு ஆயிரம் டொலருக்கு மேல் போகும். காரில் பொருத்தும் தட்டு, பாதுகாப்புக் கம்பிவடம், காருக்குத் தனி பிரேக், பின் விளக்குக்கு வயர் எல்லாம் அதற்கு மேலே. கல்யாணச் செலவில் முக்கால்வாசி தாலி தவிர்ந்த மற்றவற்றுக்குத்தான்.

வட்டகொடையில் இத்தனை ஏற்பாடும் ஒரு கயிற்றோடு முடிந்துவிடும்.

பூண்டுலோயாப் பக்கமிருந்து வரும் வேன் ஒன்று வளைவில் நின்றால் பத்து நிமிஷத்தில் நிபுணர் குழு கூடிவிடும். ஒருவர் பொனட்டைத் திறப்பார். ஒருவர் டீசல் என்பார். இன்னொருவர் பெட்டரி என்பார். ஒன்றுமே சொல்லாத ஒருவர் கயிற்றோடு வருவார். நேற்று வரை மாட்டைக் கட்டியிருந்த கயிறு அது.

ஏற்றத்தில் கயிறு ஒழுங்காகத்தான் வேலை செய்யும். எவரெஸ்ட்டில் ஏறிய அதே எட்மண்ட் ஹில்லரி 1958 ஜனவரி 4ஆம் திகதி தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது மூன்று ஃபெர்குசன் ட்ரக்டர்களில். பனி வெடிப்பில் ஒன்று விழுந்தால் மற்றவை தாங்கிக்கொள்ளட்டும் என்று ட்ரக்டர்களை ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்திருந்தார்கள். இழுத்துப் பிடிப்பதில் கயிறு கெட்டிக்காரன். ஆனால் தள்ளிப் பிடிக்க அதற்குத் தெரியாது. வட்டகொடை ரோடோ நூறு யார் ஏறினால் அடுத்த வளைவிலேயே இறங்கத் தொடங்கும்.

இறக்கத்தில் கயிறு தொய்யும். அப்போதுதான் பின்னால் இருக்கும் வேனின் சாரதிக்கு வாகன இயந்திரவியல் முழுவதும் ஒரே நேரத்தில் விளங்கும். பிரேக் மிதிக்குப் பலம் கொடுக்கும் வெற்றிடம் எஞ்சின் ஓடினால்தான் உண்டாகும். சேமித்து வைத்தது ஒன்றிரண்டு மிதியில் தீர்ந்துவிட, அதன் பிறகு மிதி பாறையாகிவிடும். பவர் ஸ்டியரிங்குக்கும் எஞ்சின்தான் பலம். சாவியை உருவி வைத்திருந்தாலோ ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். ஆகவே அவர் இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை முறுக்கி, மிச்சமிருக்கும் வாயால் லொறிக்காரரைக் கூப்பிடுவார். லொறிக்காரர் பாட்டைச் சத்தமாக வைத்திருப்பார். வேன் மெல்லப் போய் லொறியின் முதுகில் முட்டும்போதுதான் இருவருக்கும் தொடர்பு கிடைக்கும்.

இரும்புத் தண்டு என்றால் இந்தக் கூத்து இல்லை. இழுக்கும்போது இழுக்கும், முட்ட வரும்போது தள்ளிப் பிடிக்கும். கராஜ் வைத்திருப்பவர்கள் நீளமான குழாய் ஒன்றின் இரு முனையிலும் வளையம் வைத்துத் தயாராக வைத்திருப்பது அதனால்தான்.

ஆனால் தண்டு இருந்தாலும் எல்லாக் காரையும் இழுக்க முடியாது. ஓட்டோமட்டிக் கியர் பொக்ஸ் பலவற்றில் ஒயிலைச் சுற்றிவிடும் பம்ப் எஞ்சினோடுதான் ஓடும். எஞ்சின் நின்றபடி சக்கரம் உருண்டால் உள்ளே ஒயில் ஓடாமல் கியர் பொக்ஸ் கருகிப் போகும். பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் முன் சக்கரத்தோடு மோட்டார் சேர்ந்தே சுற்றும். அவற்றை முன் சக்கரம் தரையில் உருள இழுக்கவே கூடாது. மோட்டர்ஹோம்காரர்கள் ஜீப் ரேங்ளரைத் தேடிப் போவது இதனால்தான். அதில் சக்கரங்களுக்கும் கியர் பொக்ஸுக்கும் உள்ள தொடர்பையே துண்டித்துவிடலாம். அக்வாக்காரர் முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் வண்டி வரும் வரை வளைவிலேயே குந்தியிருக்க வேண்டியதுதான். கயிற்றோடு வந்தவர் மட்டும் மனம் உடைந்து திரும்பிப் போவார்.

இனி கொழுந்து ட்ரக்டர். மடுவத்தில் நிறுத்தெடுத்த கொழுந்தைச் சாக்குச் சாக்காக ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, வருவது இதன் வேலை. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ போலப் பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதால் பெட்டி எப்போதும் நிரம்பித்தான் வரும். வழியில் நின்றால் சாக்குக்குள் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். ஸ்டோரில் டீமேக்கர் முகமும் சிவந்துவிடும். இத்தனைக்கும் ட்ரக்டரையும் பெட்டியையும் சேர்த்து வைத்திருப்பது ஒரே ஒரு பின்.

கிட்டப் போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும். பெட்டியின் இரும்பு நாக்கு முனையில் ஒரு கண் இருக்கிறது. பிறந்தபோது வட்டம், இப்போது கோழி முட்டை. அதற்குள் நிற்கும் பின்னை உருவிப் பார்த்தால் தலையும் காலும் பருமனாகவும், கண் உரசும் இடம் மட்டும் ஒட்டிச் சிறுத்தும் இருக்கும். மழைத் தண்ணீரும் ரோட்டு மண்ணும் பழைய கிரீஸும் கலந்த கறுப்புக் களி அந்த இடுப்பைச் சுற்றி அப்பியிருக்கும். கிரீஸ்தானே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. மண் கலந்த கிரீஸ் அரத்தின் வேலையைத்தான் செய்யும். சீலையால் நன்றாகத் துடைத்தெடுத்த பிறகுதான் புதிய கிரீஸ் பூச வேண்டும். பின் நழுவாமலிருக்கக் கீழே ஒரு கிளிப் இருக்க வேண்டும். அந்த இடத்தில் இரண்டு சுற்றுக் கட்டுக்கம்பி இருக்கிறது.

ட்ரக்டர் கிளம்பும்போது ‘டக்’ என்றும், வேகம் குறையும்போது மறுபடி ‘டக்’ என்றும் கேட்கும். தேய்மானம் பேசுகிற சத்தம் அது. கேட்கிறவர்கள் ட்ரக்டர் வருகிறது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

மோட்டர்ஹோம் பாருக்குப் பராமரிப்பு நூலே உண்டு. நீண்டு சுருங்கும் கால்களைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவு. மண் ஒட்டும் என்பதால் கிரீஸ் பூசாதே, சிலிக்கோன் அடி. கிழிந்த ரப்பர் உறையை மாற்று. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பின்னையும் கிளிப்பையும் பார். பார் மட்டமாக இருக்கட்டும், இரண்டு முனைக்கும் மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் உயர வித்தியாசம் வேண்டாம். வளைந்த பாரை நிமிர்த்தாதே, மாற்று. வெல்டிங் செய்து ஓட்டவே ஓட்டாதே என்பது அதில் கடும் எச்சரிக்கை. சூடு பட்ட இரும்பு பழைய பலத்தோடு இருக்காது.

வட்டகொடையில் இந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டினால் கராஜ் பாஸ் சிரிப்பார். அவருக்குத் தெரிந்த மருத்துவம் அது ஒன்றுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இலங்கையின் வாகனங்கள் பாதி எஞ்சினாலும் பாதி வெல்டிங்காலும் ஓடின. “மாத்துறதுக்கு எங்க இருக்குங்க? இருக்கிறத ஒட்டித்தான் ஓடணும்” என்பது அவர் நியாயம். ஆனால் பின் விஷயத்தில் அந்த நியாயம் செல்லாது. பின் இறக்குமதிச் சரக்கல்ல. ஹட்டனில் எந்த இரும்புக் கடையிலும் நல்ல போல்ட் கிடைக்கும். தலையில் 8.8 என்று குத்தியிருந்தால் சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூட்டன் வரை இழுவை தாங்கும், அதில் எண்பது வீதம் வரை வளையாது என்று பொருள். ஒன்றும் குத்தாத சாதாரண இரும்பு அதில் பாதி தாங்கினால் பெரிய விஷயம். அப்படியிருந்தும் சுவர் கட்ட வாங்கிய கம்பியில் ஒரு முழம் வெட்டி, தலையை அடித்து வளைத்துச் சொருகிவிடுவதுதான் சுகமாக இருக்கிறது.

ரயில்வேக்காரர்களிடம் இந்தச் சுகம் செல்லாது. நானுஓயா வரைக்கும் 1885இல் வந்த பாதை இது. 44 அடிக்கு ஓரடி ஏறுகிற இடங்கள் உண்டு. கொக்கி விட்டுப்போனால் பெட்டிகள் பின்னோக்கி ஓடும். அதற்குத்தான் தானாகப் பிடிக்கும் பிரேக். பெட்டிகளூடாக ஓடும் குழாய் அறுந்தால் போதும், எல்லாச் சக்கரத்தையும் பிரேக் கவ்விக்கொள்ளும். இந்த ஏற்பாடு பிரித்தானியாவில் சட்டமானதற்கு ஒரு துயரம் காரணம். 1889 ஜூன் 12ஆம் திகதி அயர்லாந்தின் ஆர்மா அருகே ஏற்றத்தில் திணறி நின்ற சுற்றுலா ரயிலின் பின் பெட்டிகளைக் கழற்றினார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். கல் நொறுங்கியது; பெட்டிகள் பின்னால் உருண்டு அடுத்த ரயிலில் மோதின. இறந்தவர்கள் சுமார் 80 பேர், பலர் பிள்ளைகள். அதே வருஷம் சட்டம் வந்தது.

மோட்டர்ஹோமிலும் இதே யுக்தி உண்டு. காரில் ஒரு சின்னச் சுவிட்ச், அதிலிருந்து மெல்லிய வடம். பார் விட்டுப்போனால் வடம் இழுபட்டுச் சுவிட்சின் முளை கழன்று வரும். கார் தானாகப் பிரேக் பிடிக்கும். கொழுந்துப் பெட்டியில் சுவிட்சுக்குப் பதிலாகக் கிளீனர் இருக்கிறான். “கல்லப் போடு! கல்லப் போடு!” என்ற சத்தம் கேட்டதும் பாய்ந்து இறங்கி, நேரே பக்கத்துச் சுவரிலிருந்து கல்லை உருவிச் சக்கரத்துக்கு வைப்பான். இங்கே சில வளைவுகளில் கல்சுவர் மட்டும் மெலிந்திருப்பதற்கு மழையைக் குறை சொல்வது அநியாயம்.

அமெரிக்கர் திணறுவது பின்னால் எடுக்கும்போதுதான். பார் பூட்டிய காரைப் பின்னோக்கித் தள்ளினால் அதன் முன் சக்கரங்கள் தன்பாட்டுக்கு ஒரு பக்கம் முழுக்கத் திரும்பி, பாரை வளைத்துவிடும். வழி தவறினால் இறங்கி, காரைக் கழற்றி, மோட்டர்ஹோமைத் திருப்பி, மறுபடி பூட்ட வேண்டும். ஐரோப்பாவில் இன்னொரு தலைவலி: இப்படி இழுபடும் கார் 750 கிலோவுக்கு மேலென்றால் பிரேக் வேண்டும் என்பதோடு பிரித்தானியா விட்டுவிடும், ஸ்பெயினோ பழுதானால் தவிர ஒரு வாகனம் இன்னொன்றை இழுக்கவே கூடாது என்று அபராதம் போடும். கொழுந்து ட்ரக்டர்காரரோ ஒரு கையால் பீடியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பி, பெட்டியை ஸ்டோர் வாசலுக்குப் பின்னோக்கி நூல் பிடித்த மாதிரி விடுவார்.

அவர் தோற்கும் இடம் ஆபீஸ். புதிய பின் வேண்டுமென்றால் ஓடர் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதுகிறவர் கிளாக்கரையா.

“பழச குடுத்தாத்தான் புதுசு.”

“பழசு விழுந்துருச்சிங்க ஐயா. மேப்பிரட்டு எறக்கத்துல.”

“அப்ப போய்ப் பொறுக்கிட்டு வா.”

“பொறுக்கத்தான் போனேங்க. லயத்துல ஒரு அக்கா அதுல இஞ்சி தட்டுறாங்க. கேட்டா தர மாட்டேங்கிறாங்க.”

கிளாக்கரையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புத்தகத்தில் இஞ்சிக்குக் கட்டம் இல்லை. ‘பின் 1 – காணாமல் போனது – பாவனையில் உள்ளது’ என்று எழுதி, சின்னத் தொரையின் கையெழுத்துக்கு அனுப்பினார். சின்னத் தொரை அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்துப் பின் வந்தது. நல்ல பின், தலையில் 8.8 குத்தியிருந்தது, கிளிப்பும் கூடவே இருந்தது. கோழி முட்டைக் கண்ணுக்குள் விட்டால் சுற்றிலும் அரை விரல் இடைவெளி. பின்னை மட்டும் மாற்றினால் போதாது, கண்ணுக்குள் புதிய புஷ்ஷும் அடிக்க வேண்டும் என்று பாஸ் அப்போதுதான் சொன்னார். தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டிப் புஷ்ஷாக வைத்து அடித்தார்கள். ட்ரக்டர் கிளம்பியது. ‘டக்’ சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. மிச்சப் பாதிக்கு ஓடர் எழுத, பழைய புஷ்ஷைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் கிளாக்கரையா.