அழுதவரைக்கும் சரி, மருமகனே

மருமகனே, படம் பாத்து அழுதது தப்பில்லப்பா. அழுதுட்டு, கண்ணுல தூசி விழுந்துருச்சுன்னு சொன்ன பாரு, அதுதான் தப்பு. கதவு சாத்திக் கெடக்கு, காத்தாடி ஓடல, தூசி எங்கிட்டிருந்து வரும்? எம் பொண்ணுக்கு இது கூடவா தெரியாது? அடுப்படியில நின்னு சிரிச்சிட்டுப் போயிருச்சு. அது சிரிச்சதைத்தான் நான் பாத்தேன். அதனாலதான் ஒன்னை இங்கிட்டுக் கூப்பிட்டேன். உக்காரு.

96 படத்தை நீ இன்னிக்கிப் புதுசாவா பாக்குற? பள்ளிக்கூடத்துல விரும்பிப் பிரிஞ்ச ராமுவும் ஜானுவும் இருபது வருசத்துக்கு மேல கழிச்சு, பழைய மாணவர் கூட்டத்துல பாத்து, ஒரு ராத்திரி பேசிட்டுப் பிரியுற கதை. 2018 அக்டோபர் 4-ந் தேதி வந்த படம். கம்பத்துக்கு பஸ் ஏறிப் போயி டாக்கீஸ்ல பாத்தவுக உண்டு. மத்தவுகளுக்கெல்லாம் அந்த வருசத் தீவாளிக்கே, நவம்பர் 6-ந் தேதியே, சன் டிவியில போட்டுட்டாய்ங்க. அஞ்சாவது வாரமும் தியேட்டர்ல ஓடிக்கிட்டிருக்கு, பொங்கலுக்குத் தள்ளி வைங்கன்னு திரிசா பாப்பா கேட்டுச்சு. யாரு கேட்டா? என்னைக் கேட்டா டிவியில போட்டதுதான் நல்லது. டாக்கீஸ்ல இருட்டு, எவன் அழுதான்னு தெரியாது. வீட்டுல ட்யூப்லைட்டு எரியுது, மடியில முறுக்குத் தட்டு, பக்கத்துல பொஞ்சாதி, எதிர்க்க மாமியா. அன்னைக்கி நம்ம ராயப்பன்பட்டியில எத்தன ஆம்பளைக முகங்கழுவக் கொல்லைப்பக்கம் போனாய்ங்கன்னு எனக்குத்தான் தெரியும். தீவாளிக்குத் தண்ணி அம்புட்டுச் செலவாச்சு.

மறுநா டீக்கடையில கேக்கணுமே! ஒருத்தன், "சுத்தமான காதல்யா, விரல் நுனி படல"ங்குறான். இன்னொருத்தன், "கட்டுன புருசனை சிங்கப்பூர்ல விட்டுட்டு ராத்திரி முழுக்க ஒரு ஆம்பள வீட்டுல இருக்கலாமா"ங்குறான். மூணாவது ஆளு, "ராமு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஜானு போயிருப்பாளா"ன்னு டீ ஆறுற வரைக்கும் பொலம்புறான். காலேஜ் பயலுக, "ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓடுது, ஒரு முத்தம் கூட இல்ல"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாய்ங்க. அவுகளுக்கு இன்னும் வயசு இருக்கு.

இந்த நாலு பேருமே ஒரு ஆளைப் பத்திப் பேசல பாத்தியா. ராமுவோட அப்பன் வாங்கின கடன். அதுதானப்பா வில்லன்! பத்தாப்பு லீவுல தஞ்சாவூரை விட்டு ராத்திரியோட ராத்திரியா குடும்பம் சென்னைக்குக் கெளம்புச்சே, எதுக்கு? ஜாதியா தடுத்துச்சு? சண்டையா போட்டாக? கடங்காரன் வந்து நின்னான். பள்ளிக்கூடம் தொறந்து ஜானு பெஞ்சைப் பெஞ்சைப் பாத்து நிக்குது, இவனைக் காணோம். அந்த வட்டிக்காரனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டவன் ஊர்ல இருக்கானா? இந்தக் கம்பம் பள்ளத்தாக்குல திராட்சைத் தோட்டத்தை நம்பிக் கடன் வாங்கி, மழையில கொத்து அழுகி, வாயைக் கட்டிக்கிட்டு திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போன குடும்பம் எத்தன? அந்தப் பிள்ளைக பள்ளிக்கூடத்துலயும் யாரோ ஒரு ஜானு பெஞ்சைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பா. அதையெல்லாம் எவனும் படமா எடுக்கல.

சரி, ஒன்னைய அழவச்சது யாருங்குற? ராமுவா நடிச்ச விஜய் சேதுபதியா, ஜானுவா நடிச்ச திரிசாவா? ரெண்டு பேரும் நல்லாத்தான் பண்ணுனாக. மியூசிக் போட்ட கோவிந்த் வசந்தாவும் வயலினை இழுத்து நம்ம உசுரையும் சேத்து இழுத்துட்டாரு. ஆனா ஆணிவேரு எங்க இருக்கு? ஜானுவுக்கு ஜானகின்னு பேரு வச்சதே பாடகி எஸ். ஜானகியை நெனச்சு. அது பாடுறதெல்லாம் பழைய இளையராஜா பாட்டு. கோம்பையைத் தாண்டினா அவரு பொறந்த பண்ணைப்புரம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கொடுத்தாக, சந்தோசம். அழுகாச்சிக்கும் அப்படி ஒரு குறியீடு கொடுத்தா அது பண்ணைப்புரத்துக்குத்தான் போகணும். என்ன, அவரு பாட்டை வச்சு நம்மளை அழவச்சதுக்கு அவரே 2019-ல ஒரு பேட்டியில கோவிச்சுக்கிட்டாரு. அந்தக் காலத்தைக் காட்டணும்னா அந்தக் காலத்து மாதிரி நீங்களே பாட்டுப் போட வேண்டியதுதானேன்னு கேட்டாரு. கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா அந்தப் பாட்டு இல்லேன்னா நீ அழுதிருப்பியா?

இன்னொண்ணு சொல்றேன், இதை டீக்கடையில எவனும் கவனிக்கல. ராமு கேட்டுக் கேட்டு ஜானு பாடாம இழுத்தடிக்கிற அந்த 'யமுனை ஆற்றிலே' பாட்டு, 1991-ல வந்த தளபதிப் படத்துப் பாட்டு. ஜானகி பாடினது கூட இல்ல, மிதாலி பானர்ஜி பாடினது. அந்தப் படத்துலயும் சோபனா விரும்புனது ரஜினியை, கட்டிக்கிட்டது கலெக்டரை. அப்ப ராமு என்ன பாட்டைக் கேக்குறான்? தனக்கு என்ன நடக்கப் போகுதுன்னு பத்தாப்புலயே கேட்டுக்கிட்டிருக்கான். 96-ஓட டைரக்டரு பிரேம்குமாரு லேசுப்பட்ட ஆளு இல்ல. அவரு மொத மொதல்ல கேமரா புடிச்ச ஆளு. நடுவுல கொஞ்சம் பக்கத்தக் காணோம்னு 2012-ல வந்துச்சே, கல்யாணத்துக்கு ரெண்டு நா முந்தி மாப்ளைக்குக் கட்டப்போற பொண்ணே மறந்துபோகுமே, அது அவருக்கே நடந்த கதைதானாம். கட்டப்போறவளையே மறந்தவனும் விஜய் சேதுபதி, எதையுமே மறக்காதவனும் விஜய் சேதுபதி. ஆளு ஒண்ணு, வியாதி ரெண்டு.

ராமு செஞ்ச காரியத்தை எண்ணிப் பாரு. ஜானு படிக்கிற காலேஜ் வாசல் வரைக்கும் போறான். உள்ள இருந்து ஒரு பதில் வருது. வேற எவனோ தொந்தரவு பண்றான்னு நெனச்சு அந்தப் பிள்ள சொல்லிவிட்ட பதிலு. பேரைச் சொல்லுங்க, ராமச்சந்திரன்னு சொல்லுங்கன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா சோலி முடிஞ்சது. இவன் தலையைத் தொங்கப் போட்டுட்டுத் திரும்பிட்டான். அப்பறம் கல்யாணத்துக்கும் வந்து கூட்டத்துக்குள்ள நிக்குறான். அங்கயும் வாயைத் தொறக்கல. அந்தப் பிள்ள மணவறையில இருந்து இவனைத்தான் தேடியிருக்கு. பன்னீர்க் கொடியைக் கவாத்து வெட்டாம விட்டா பந்தல் பூராம் பச்சைப் பசேல்னு எலையா மண்டும், பாக்குறவன் ஆகா ஓகோம்பான், கொத்து மட்டும் வராது. ராமு வளத்த காதலு அதுதான்.

இப்ப நான் சொல்லப்போறது ஒனக்குக் கொஞ்சம் உறைக்கும். படத்துல ஜானு பேசுற குரலு திரிசா குரலு இல்லப்பா, பாடகி சின்மயி. கரண்டு போனப்ப இருட்டுல பாடுறதும் அவுகதான். படம் வந்து ஒரு வாரம் ஆச்சோ இல்லையோ, அதே சின்மயி, வருசக்கணக்கா மனசுக்குள்ள வச்சிருந்த பாலியல் தொந்தரவைச் சொல்லி, எனக்கு இப்படி நடந்துச்சுன்னு வாயைத் தொறந்தாக. ஒடனே ஊரு என்ன கேட்டுச்சு? "இத்தன வருசம் ஏன் சொல்லல?" ராமு இருபது வருசத்துக்கு மேல வாயைத் தொறக்கல, அது தெய்வீகம்னு துண்டால கண்ணைத் தொடச்சவன்தான் அதையும் கேட்டான். அதே டீக்கடை, அதே பெஞ்சு, அதே கிளாசு. நவம்பர்ல சந்தா கட்டலேன்னு சொல்லி டப்பிங் யூனியன்ல இருந்து அவுகளை நீக்கிட்டாய்ங்க. ஆம்பள சொல்லாம வச்சா கவிதை, பொம்பள சொல்லாம வச்சா சந்தேகம். நம்ம கண்ணீருக்கும் ஆளு பாத்துத்தான் கொழாய் தொறக்குது.

நீ மொறைக்காத. நான் படத்தைக் கொறை சொல்லல. அளந்து எடுத்த படம். எங்கயும் ஒருத்தரும் தப்பு சொல்ல முடியாதபடி டைரக்டரு வேலியைச் சுத்திக் கட்டிட்டாரு. ராமுவுக்குக் கல்யாணம் ஆகல, அதனால வீட்டுல கேக்க ஆளில்ல. ஜானுவோட புருசன் மொகம் ஒனக்கு நினைவுல இருக்கா? இருக்காது. இருந்திருந்தா ஒனக்கு அழுக வந்திருக்காது. இங்க விடியக்காலம் நாலு மணின்னா சிங்கப்பூர்ல ஆறரை. நீ இங்க இவுக ரெண்டு பேரும் ரோட்டுல நடந்து போறதைப் பாத்து உருகுற நேரத்துல, அங்க பிள்ளையை எழுப்பி, தலை சீவி, டிபன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கெளப்புனது யாருன்னு நெனச்சியா? அந்த மனுசன்தான். அவனுக்கு வயலினு வாசிக்க யாரும் இல்ல.

வேலி இல்லாமக் கதை சொன்னா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா அழகி படத்தைப் பாரு. தங்கர் பச்சான் எடுத்தது, 2002 பொங்கலுக்கு வந்துச்சு. பாட்டு, சொல்லவா வேணும், பண்ணைப்புரத்தாருதான். அதுல பார்த்திபன் டாக்டரு. பொஞ்சாதி, பிள்ளை, வீடு எல்லாம் இருக்கு. சின்ன வயசுல விரும்புன தனலட்சுமி புருசனை இழந்து, பிள்ளையோட ரோட்டோரத்துல கெடக்குறா. இவன் எரக்கப்பட்டு வீட்டுக்குக் கூட்டியாந்து வேலைக்கு வச்சிக்கிறான். அங்க பாரு மருமகனே, பழைய காதலு பாத்திரம் தேய்க்குது. பொஞ்சாதி தேவயானி ஒண்ணும் கெட்டவ இல்ல, அவளுக்குத் தெரிய வர்றப்ப அந்த மொகத்தைப் பாக்க முடியாது. மூணு பேருல யாரு பக்கமும் சாய முடியாம நீ உக்காந்திருப்ப. 96 ஒரே ராத்திரியில முடிஞ்சிரும், காலையில ப்ளைட்டு ஏத்திவிட்டாச்சு. அழகி மறுநாளும் விடியும், அதுக்கு மறுநாளும் விடியும். நான் தீர்ப்புச் சொல்றதா இருந்தா அழகிதான் பெரிய படம். ஆனா அதைப் பாத்துட்டு எந்த பேட்ச்காரனும் வாட்சப் குரூப்பு ஆரம்பிக்கல. அழுகுறதுக்கும் ஒரு சொகம் வேண்டியிருக்கு.

அங்கதான் வர்றேன். ஒங்க அலோசியஸ் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் குரூப்புல ஞாயித்துக்கிழமை கூட்டம்னு போட்டிருக்காமே. நீ முடிவெட்டிக்கிட்டு வந்தப்பவே நெனச்சேன். படத்துல ராமுவுக்குத் தாடி, முடியெல்லாம் ஜானு கூட்டிட்டுப் போயித்தான் எடுக்க வைக்குது. நீ நாலு நா முந்தியே போயி எடுத்துட்டு வந்துட்ட. சாயம் வேற கொஞ்சம் தூக்கலா இருக்கு, காதுகிட்டத் தொடச்சுக்க. படம் வந்த வருசத்துல இருந்து இதே கூத்துதான். பதினஞ்சு வருசமாப் பேசிக்காதவுகளெல்லாம் குரூப்புல பூப்படம் அனுப்பிக்கிறாக. பொண்ணுக அந்த மஞ்சக் குர்தாவைத் தேடி ஜவுளிக்கடை ஜவுளிக்கடையா அலைஞ்சாக. நீயும் ஒரு மஞ்சச் சட்டை எடுத்து வச்சிருக்கியாம். பித்தான் வயித்துகிட்ட இழுக்குதுன்னு கேள்விப்பட்டேன்.

போ, நான் தடுக்கல. போனா அங்க என்ன நடக்கும்னு மட்டும் சொல்லிர்றேன். நீ நெனச்சுக்கிட்டிருக்கிற பிள்ள வந்திருந்தா, ஒம் பேரு அதுக்குச் சட்டுனு வராது. "நீங்க கணக்குல அடி வாங்குவீங்களே, அவரா?"ன்னு கேக்கும். அப்பறம் மகன் நீட்டு எழுதினதைப் பத்தியும், முட்டிவலிக்கு தேனியில எந்த டாக்டரு நல்லா பாக்குறாருன்னும் பேசும். பிரியாணி ஆறிப் போயிரும். ஒருத்தன் மைக்கைப் புடிச்சு மூணு பாட்டுப் பாடுவான், அவனுக்கு அன்னைக்கும் சுருதி சேராது. இதுல ஒரு வயலினும் கேக்காது.

ஒனக்கு அழுகை வந்துச்சே, அது அந்தப் பிள்ளைக்காக இல்லேன்னு எனக்குத் தெரியும். பேசாமலே நல்லவனா இருக்கலாம்னு ஒரு படம் சொல்லிருச்சு, அது ஒனக்கு இனிச்சுருச்சு. எம் பொண்ணு ஒனக்கு வெஞ்சனம் வைக்குது, எப்படி இருக்குன்னு கேக்குது, நீ "ம்"முங்குற. போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து டாக்டரு என்ன சொன்னாருன்னு சொல்ல ஒக்காந்துச்சு, நீ போனைப் பாத்துக்கிட்டே தலையாட்டுன. ராமு பொட்டிக்குள்ள காஞ்ச பூவை வச்சிருந்தான்னு உருகுறவன், கட்டுனவ தலையில வச்ச பூவை இன்னிக்கிப் பாத்தியா? மல்லியா கனகாம்பரமா, சொல்லு பாப்போம்.

முழிக்காத. அது பிச்சிப்பூவு.

சரி, நேரமாச்சு, தோட்டத்துக்குப் போகணும். ஒரு சங்கதி மட்டும் கேட்டுட்டுப் போ. அடுத்த மாசம் எம் பொண்ணோட பேட்சுக்கும் கூட்டம் வச்சிருக்காக. அதுவும் படிச்ச பிள்ளதான், அதுக்கும் குரூப்பு இருக்கு. ஒனக்குச் சொன்னா நீ என்ன சொல்லுவியோன்னு எங்கிட்டத்தான் மொதல்ல கேட்டுச்சு. நான் சரின்னுட்டேன். அன்னைக்கிப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடுறது நீ. யார் யாரெல்லாம் வர்றாகன்னு கேக்கக் கூடாது, நடுவுல போன் போடக் கூடாது. அது திரும்பி வந்ததும் நல்லா இருந்துச்சான்னு கேளு. அது சொல்லி முடிக்கிற வரைக்கும் போனை எறக்கி வையி.