நாற்பது காசு

சென்ற வாரம் எங்கள் தெருக் கேபிள்காரர், யாதொரு முன்னறிவிப்புமின்றி என் ‘பேக்’கை மாற்றி, முதலைகளைத் துரத்தும் சேனல் ஒன்றையும், எனக்கு ஓரட்சரமும் புரியாத போஜ்புரிப் பாட்டுச் சேனல் ஒன்றையும் அனுக்கிரகித்திருக்கிறார். ஆகவே, சேனல்களைக் கட்டாக வாங்குவது உத்தமமா, ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுப்பது உத்தமமா என்னும் விஷயத்தில் என் முடிவான அபிப்பிராயத்தை இக்கட்டுரையில் வெளியிட்டுவிடுவதென்று சங்கற்பம் செய்துகொண்டேன். அதற்குமுன் அந்த 40 காசைப் பற்றி ஒரு வார்த்தை.

2019 பிப்ரவரி முதல் தேதி, டிராய் என்னும் ஒழுங்குமுறை ஆணையம் பிரஜைகளாகிய நமக்குச் சேனல் சுதந்திரம் வழங்கியபோது, கட்டணச் சேனல் ஒன்றைக்கூட வாங்குமுன்பே, நூறு சேனல் வரத்தக்க இணைப்புக்கென்று மாதம் 130 ரூபாய்வரை வசூலிக்கலாமென்று விதித்தது. (அந்த நூற்றில் ஏறத்தாழ 25 இடம் தூர்தர்ஷனுக்கு, சுதந்திரத்தையும் ஓர் அளவோடுதானே கொடுப்பார்கள்!) இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர, 153 ரூபாய் 40 காசு ஆயிற்று. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாதவையாகிவிட்ட இத்தேசத்தில், சட்டம் ஏற்றும் பெட்டிக்கடை ஏற்காத ஐம்பது காசு ஒன்றே எஞ்சியிருக்க, அதை எத்தனை முறை கூட்டினாலும் நாற்பது வராதென்பதை அந்த ஆணையத்தில் ஒருவராவது யோசித்ததாகத் தெரியவில்லை. ஐந்து மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 767 ரூபாய் என்று முழுசாக வருகிறது. இந்த யோசனையைக் கேபிள்காரரிடம் பிரஸ்தாபித்தேன்.

“அதெல்லாம் முடியாது சார், 154 குடுங்க.”

மாதம் 60 காசு அதிகம். வருஷத்துக்கு 7 ரூபாய் 20 காசு. அவர் மனம் திருந்தித் திருப்பித் தர விரும்பினாலும் ஏழு ரூபாயைத்தான் தர முடியும். அந்த 20 காசுக்கும் நாணயம் கிடையாது. கைபேசியில் காசு சுத்தமாக அனுப்பலாமே என்கிறான் என் மகன். இத்தகைய அற்ப சமாதானங்களால் என் கோபத்தைத் தணிக்க முயல்பவர்களோடு நான் பேசுவதில்லை. 2024-இல் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையே ஆணையம் நீக்கிவிட்டதாம். எங்கள் தெருவில் அந்த 40 காசு மட்டும் சிரஞ்சீவியாக நிற்கிறது.

நிற்க. கட்டா, தனியா? 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைக் கட்டில் சேர்க்கக் கூடாதென்று விதி பிறந்ததும், ஜனங்கள் விரும்பிப் பார்க்கும் சேனல்கள் பலவும் சொல்லிவைத்தாற்போல் 19-லேயே வந்து நின்றன. எங்கள் வீட்டாருக்கு வேண்டியவற்றைத் தனித்தனியே கூட்டிப் பார்த்தால், அவற்றோடு வேண்டாத ஒரு டஜனையும் சேர்த்துக் கட்டிய கட்டின் விலையை அத்தொகை தாண்டிவிடுகிறது. முதலைகளைப் பார்க்க மாட்டேனென்று பிடிவாதம் பிடிப்பதற்கு நான் அபராதம் செலுத்த வேண்டும்!

செலுத்தியும் பார்த்துவிடுவதென்று, “ஒரே ஒரு சேனலை மட்டும் தனியாகக் கொடும்” என்றேன். 19 ரூபாய், வரியோடு 22 ரூபாய் 42 காசு. இரண்டு காசு! இதை முழு ரூபாயாக்க வேண்டுமானால் ஐம்பது மாதத்துக்குச் சேர்த்து 1,121 ரூபாய் கட்ட வேண்டும். 2019-க்குப் பின் ஐம்பது மாதம் கழிவதற்குள் ஆணையமோ விதிகளை இருமுறை திருத்திவிட்டது. இதையெல்லாம் காகிதத்தில் போட்டு விளக்கினேன். கேபிள்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ரவுண்டா இருபத்தஞ்சு வெச்சுக்கலாம் சார்.”