இடுப்புக்கு வந்த சோதனை

சிவகாசிக்காரனுக்குச் சுற்றுகிற எதுவும் கைவந்த கலை என்று எனக்கொரு நம்பிக்கை இருந்தது. தரைச்சக்கரத்தைப் பற்றவைத்தால் அது பாட்டுக்குச் சுற்றும். நமக்கு இருக்கிற ஒரே வேலை, ஒதுங்கி ஓடுவது.

எனக்குப் பிழைப்பு ஆப்செட் பிரஸ்ஸில். தினசரி காலண்டரில் நல்ல நேரமும் ராகு காலமும் சரியாக விழுந்திருக்கிறதா என்று புரூஃப் பார்ப்பேன். ஊர் உலகத்துக்கெல்லாம் நேரம் பார்க்கிறவனுக்கு நாற்காலியை விட்டு எழ நேரமில்லை. பிபி ஏறிப்போய், "தினம் நடங்க அண்ணாச்சி, ஹார்ட்டுக்கு நல்லது" என்றார் டாக்டர். நடந்தேன். ஆனால் இது விருதுநகர் மாவட்டம்; எந்தத் தெருவில் நடந்தாலும் முடிவில் பொரிச்ச பரோட்டா நிற்கிறது.

அப்போதுதான் மகளின் ஹுலா ஹூப் கண்ணில் பட்டது. உடனே போனை நோண்டினேன். வாம்-ஓ என்கிற அமெரிக்கக் கம்பெனி 1958-ல் பிளாஸ்டிக்கில் இறக்கியதாம். நாலே மாதத்தில் இரண்டரைக் கோடி விற்றதாம். அங்கே நடந்த ஓர் ஆய்வில், சுற்றியவர்களின் இதயம் நிமிடத்துக்குச் சராசரியாக 151 முறை துடித்திருக்கிறது, கலோரி நிமிடத்துக்கு ஏழு கரைந்திருக்கிறது. அரைமணிக்கு 210! படித்து முடித்ததுமே சட்டை கொஞ்சம் லூஸான மாதிரி இருந்தது.

போதாததற்கு ஆதவ் சுகுமார் என்ற சென்னைப் பையனின் வீடியோ. இடுப்பில் வளையம் சுற்றச் சுற்ற 50 படிகளை 18.28 விநாடியில் ஏறி கின்னஸில் இடம்பிடித்தவன். நான் மொட்டைமாடிக்கு ஏற எடுத்துக்கொள்ளும் நேரத்தை எந்தப் புத்தகத்திலும் போட மாட்டார்கள்.

விடிகாலை மாடியில் யாருமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஆட்டுரலில் மாவாட்டுகிற மாதிரி இடுப்பை வட்டமாகச் சுழற்றினேன். வளையம் அரைச்சுற்றில் காலடிக்கு வந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடி வந்தது. மறுபடி குனிந்தேன். 151 துடிப்பை நானும் தொட்டிருப்பேன், எல்லாம் குனிந்ததில்.

கைலியோடு இதைச் செய்யாதீர்கள். உங்களில் சிலர் யோசித்துக்கொண்டிருப்பீர்கள், அதனால் சொல்கிறேன். வளையம் உரச உரச முடிச்சு தளரும். ஒரு கட்டத்தில் வளையம் இடுப்பில் அழகாக நின்றுவிட்டது, இறங்கியது கைலி. எதிர்மாடியில் வத்தல் காயப்போட வந்த அக்கா, காயப்போடாமலே இறங்கிப் போனார்.

"அப்பா, இது சின்னப் பிள்ளைங்க சைஸ்" என்றாள் மகள். வளையம் சிறிதாக இருந்தால் ரொம்ப வேகமாகச் சுற்றியாக வேண்டுமாம். பெரியவர்களுக்குத் தரையில் நிறுத்தினால் தொப்புள் உயரம் வர வேண்டும், கொஞ்சம் கனமும் வேண்டும். ஒரு காலை முன்னே வைத்து, இடுப்பை முன்னும் பின்னுமாகத் தள்ளினால் போதும், வட்டத்தை வளையமே பார்த்துக்கொள்ளும். தொப்புள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதிலேயே எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது.

பெரிய வளையம் வந்தது. நாலைந்து சுற்று நிற்கிறது; மூச்சை இழுத்துத் தொப்பையை உள்ளே வைத்தால் அதுவும் இல்லை.

இப்போது சாயங்காலங்களில் மகள்தான் சுற்றுகிறாள். நான் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணுகிறேன். நூறைத் தாண்டினால் எனக்கு மூச்சு வாங்குகிறது.