திருடன் திருந்தலாம், கேப்டன் கெடலாமா?

2016 மே மாதக் கடைசி. சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த சூடு ஊரில் இன்னும் ஆறவில்லை. கீழ ராஜ வீதி டீக்கடையில் என் அக்கா மகன் போனைப் பார்த்துக்கொண்டே, "கேப்டன் கெட்டவனாயிட்டாரு மாமா!" என்று அலறினான். பக்கத்து பெஞ்சுப் பெரியவர் டம்ளரை வைத்துவிட்டுச் சண்டைக்கு எழுந்தார். "யாரு தம்பி சொன்னது? அது சோறு போட்ட கைய்யா!" புதுக்கோட்டையில் கேப்டன் என்றால் விஜயகாந்த்தான். சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு அது மறந்துபோயிருந்தது.

அவன் சொன்னது கேப்டன் அமெரிக்காவை. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் 1941-ல் உண்டாக்கிய ஆள். முதல் இதழ் அட்டையிலேயே ஹிட்லரின் தாடையில் குத்துவிட்டவர். எழுபத்தைந்து வருஷம் அப்படி உழைத்தவரை, நிக் ஸ்பென்சர் என்கிற எழுத்தாளர், "இவர் சின்ன வயசிலிருந்தே ஹைட்ராவின் ஆள்" என்று எதிரி முகாமில் சேர்த்துவிட்டார். கோபத்தில் ரசிகர்கள் சிலர் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிக் கொளுத்தினால் பதிப்பகத்துக்கு என்ன நட்டம்? இன்னொரு பிரதி விற்றால் லாபம்தான். அடுத்த இதழிலேயே, மாயக் கனசதுரம் ஒன்று பழைய நினைவை மாற்றிவிட்டது என்று சமாளித்து, மறுவருஷம் நல்ல கேப்டனைக் கொண்டுவந்து கெட்ட கேப்டனோடு மோதவிட்டார்கள். எம்.ஜி.ஆர். காலத்து டபுள் ஆக்ட். நம் டைரக்டர்கள் இடைவேளைக்குள் முடித்திருப்பார்கள்.

மருமகன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முட்டை மாஸ் வாங்கிக் கொடுத்தும் முகம் தெளியவில்லை. எனக்கு அவ்வளவு வருத்தம் வரவில்லை. நான் சிவகாசி காமிக்ஸ் பள்ளிக்கூடத்தில் படித்தவன். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவிதான் எங்கள் தலைமுறைக்குக் குலதெய்வம். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். (2012 மின்வெட்டில் இங்கே வந்திருந்தால் பாவம், மறையவே முடியாமல் பஸ் ஸ்டாண்டில் மாட்டியிருப்பார்.) ஆனால் 1962-ல் இங்கிலாந்தின் வேலியன்ட் இதழில் பிறந்தபோது அந்த லூயிஸ் கிராண்டேல், சக்தி கிடைத்ததும் திருட்டு, மிரட்டல் என்று இறங்கியவர்தான். திருந்தி நிழற்படையில் வேலைக்குச் சேர்ந்ததெல்லாம் பிறகு.

ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல) இன்னும் மோசம். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக நம் வீட்டுக்குள் வந்தவர். குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவதுதான் அவர் லட்சியம். பெல்ஹாம், ஆர்டினி என்று கூட்டாளிகளைச் சேர்த்து நகைக் கொள்ளையில் ஆரம்பித்தார். பிறகு அந்தக் கதையை எழுதவந்தவர் சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல். போகப்போக ஸ்பைடர் மற்ற வில்லன்களைப் பிடிக்கிற வேலைக்கு மாறினார். "ஐயோ, எங்கள் திருடனைக் கெடுத்துவிட்டார்களே" என்று ஒருத்தராவது அழுதோமா? அடித்த நகையை யாரிடம் திருப்பிக் கொடுத்தார் என்றுகூடக் கேட்கவில்லை. நல்லவன் கெட்டால் மட்டும் தீப்பெட்டி தேடுகிறோம்.

இதைச் சொன்னதும் மருமகனுக்குக் கோபம். "நம்ம ஊரு ஹீரோவ யாராவது மாத்தி எழுதினா நீங்க சும்மா இருப்பீங்களா?"

எழுதியிருக்கிறார்கள் மாப்பிள்ளை. துப்பறியும் சங்கர்லாலைத் தந்த தமிழ்வாணன், 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்று தலைப்பு வைத்து ஒரு புத்தகமே போட்டார். சிவாஜியின் மீசையைப் பார்த்தபிறகு அதை யார் நம்புவது?

ஆனால் கட்டபொம்மனை ஹீரோவாகவே வைத்துக்கொண்டால் புதுக்கோட்டைக்காரனுக்கு வேறொரு சங்கடம். 1799-ல் அவர் பிடிபட்டது எங்கள் மாவட்டத்துத் திருக்களம்பூரில். பிடித்து வெள்ளைக்காரனிடம் ஒப்படைத்தது எங்கள் தொண்டைமான் மன்னர். அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கு. அதோடு குளம் வெட்டிய, கோயிலுக்குக் கொடுத்த எங்கள் ராஜவம்சம், ஊர் எல்லையைத் தாண்டினால் வில்லன் வரிசையில் எட்டப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. வெளியூர்க் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து 'புதுக்கோட்டை' என்று சொல்லிப் பாருங்கள். சாம்பார் வருவதற்குள் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்.

அதற்காக நாங்கள் எதையும் கொளுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிவியில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' போட்டால் சிவாஜிக்கு விசிலடிப்போம், தூக்குமேடைக் காட்சியில் மூக்கை உறிஞ்சுவோம். திங்கட்கிழமை காலையில் பட்டா மாறுதல் மனுவோடு தொண்டைமான் அரண்மனை வாசலில் வரிசையில் நிற்போம். கலெக்டர் ஆபீஸ் இருப்பது அங்கேதான்.